இருவாச்சி வீட்டுக்குக் கிடைத்த சான்றிதழ்

ஒரு காட்டில், ஆண்டவன் புண்ணியத்தில் அத்திப்பழத்துக்குக் குறைவில்லாத காட்டில், செங்கமலம் என்றொரு இருவாச்சிப் பறவை முட்டையிட்டாள். குல வழக்கப்படி மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு, பழச்சக்கையையும் எச்சத்தையும் குழைத்து வாசலைத் தானே பூசி மூடினாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டாள். புருஷன் ஏகாம்பரம் அதன் வழியாகத்தான் பழம் ஊட்ட வேண்டும். குஞ்சு வளர்கிறவரை அவள் வெளியே வர முடியாது, இறகெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும்.

குஞ்சு பொரித்த அன்றைக்கு ஏகாம்பரம் பழத்தோடு ஒரு சேதியும் கொண்டுவந்தான்.

“காத்துப் புகாத வீடுன்னா சான்றிதழ் குடுக்கறாங்களாம், கமலம். வெயில்ல குளுகுளுன்னு இருக்குமாம், மழையில கதகதப்பா இருக்குமாம். பக்கத்து மரத்துக் குக்குறுவான் குருவிக்கே கெடச்சிருச்சு.”

“நம்ம வீடு இப்பவே நல்லாத்தானேங்க இருக்கு?”

“இருந்தா போதுமா? நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?”

மூன்று படிவம் எழுதி, இரண்டு நாள் வரிசையில் நின்று, சோதனை அதிகாரி கருமந்தியைக் கூட்டிவந்தான். அவர் சாம்பிராணித் தட்டைச் சுவரோரமாகச் சுற்றிக் காட்டினார். சாமிக்குத்தான் காட்டுகிறார் என்று செங்கமலம் உள்ளேயிருந்து சிறகால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“புகை உள்ள போகுது. ஓட்டை,” என்றார் கருமந்தி.

“அது ஓட்டை இல்லீங்க சார், எங்க சாப்பாட்டு வழி.”

“படிவத்துல சாப்பாட்டு வழின்னு கட்டம் இல்லையேம்மா. ஓட்டைக்குத்தான் இருக்கு.”

“ஒரே ஒரு நாளைக்கு அடைச்சிரு, தாயி. பேப்பர் கைக்கு வந்ததும் தெறந்துக்கலாம்,” என்று ஏகாம்பரம் கெஞ்சினான். புருஷன் மனசு நோகக் கூடாதென்று அவளும் பூசினாள். புகை போகவில்லை. கீற்று இருந்த இடத்திலேயே சான்றிதழை ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் மயில் குடும்பம் பார்க்க வந்தது. அதற்கு மறுநாள் மான்கள். திறக்க நேரமேது? உள்ளே குஞ்சு பசியில் துடித்தது. செங்கமலம் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

“உள்ள என் பெண்டாட்டி கத்திக்கிட்டிருக்கா. ஒரு சத்தமாவது கேக்குதா? வேலைன்னா இதுதாங்க வேலை!” என்று ஏகாம்பரம் மான்களுக்கு விளக்கினான்.

மூன்றாம் நாள் குஞ்சு தலையைத் தொங்கப்போட்டது. வாயைத் திறக்கவும் அதற்குத் தெம்பில்லை. செங்கமலம் “முருகா!” என்று விட்டாள் ஒரே குத்து. அலகு சுவரைத் துளைத்து, சான்றிதழையும் துளைத்து வெளியே வந்தது.

கருமந்தி தட்டோடு ஓடிவந்தார். நிதானமாகச் சோதித்து எழுதினார்: ‘வீட்டில் குறை ஒன்றுமில்லை. கசிவுக்குக் காரணம், குடியிருப்போர். அவர்கள் காலி செய்தால் சான்றிதழ் செல்லும்.’

ஏகாம்பரம் தயங்கித் தயங்கிக் கீற்றருகே வந்தான்.

“கோவிச்சுக்காத கமலம். எப்ப காலி பண்றே?”

“பழம் கொண்டாந்தீங்களா?”

“இல்ல… இந்தப் பேப்பர் விஷயமாத்தான்…”

அவள் சான்றிதழை அலகால் பிடித்து உள்ளே இழுத்தாள். நாலாக மடித்துக் குஞ்சின் பிட்டத்துக்குக் கீழே வைத்தாள்.

“பேப்பர் விஷயம் முடிஞ்சுதுங்க. பழத்துக்குப் போங்க.”

நீதி: வீட்டைக் குறையில்லாமல் கட்டுங்கள். குடிபோய் அதைக் கெடுத்துவிடாதீர்கள்.