அறுபத்து நான்கு பனியன்களும் ஒரு புகாரும்

ஓய்வு பெற்ற மனிதனுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டோடு மூன்றாவதாக ஒரு நோயும் வரும். அதற்கு மாத்திரை கிடையாது. தெருவில் நடப்பதெல்லாம் தன் பொறுப்பு என்ற எண்ணம்தான் அந்த நோய். தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே எனக்கு அது வந்துவிட்டது. எரியாத தெருவிளக்கு, மூடி உடைந்த சாக்கடை, காலை நடையில் எதிர்ப்படும் நாய்கள் (பதினொன்று, அதில் ஒன்று நொண்டி) என எதையும் விடாமல் மாநகராட்சியின் செயலியில் புகார் பதிவேன்.

"பேத்தி போட்டோவக் காட்டுங்கன்னா சாக்கடை போட்டோவாக் காட்டறீங்க" என்று என் மனைவி சரசு தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்படிப்பட்டவன் இருக்கிற வார்டில்தான், எங்கள் பூங்காவில் முதல்முறையாகக் கோடைக்கால முகாம் நடத்தப்போவதாக மாநகராட்சி அறிவித்தது. பத்து நாள், யோகா, சிலம்பம், ஓவியம், எல்லாம் இலவசம். எங்கள் தெருக்களில் அப்பா, அம்மா இருவரும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் விடுமுறை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியோடு கிடக்கும். என் மகள் வயிற்றுப் பேத்தி கனிகாவும் அப்படித்தான் கிடந்தாள். முகாமுக்குப் போன மூன்றாம் நாள், ஒட்டடைக் கம்பைச் சிலம்பமாகச் சுழற்றி எங்கள் வீட்டு டியூப் லைட்டை உடைத்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

"அப்புச்சி, அடுத்த வருசமும் நடக்குமா?" என்று தினமும் கேட்பாள்.

அது கவுன்சிலரம்மாவின் கையில் இருந்தது. அவர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவ ஒரு புகாரும் வராம முடிஞ்சுதுன்னா வருசா வருசம் இங்கயே நடத்தறதுக்கு நான் பேசறனுங்க. புகார் வந்துதுன்னா வேற வார்டுக்குப் போயிருமுங்க." கூட்டத்தில் அத்தனை பேர் இருக்க, இதைச் சொல்லும்போது என்னை மட்டும் பார்த்தார்.

என் நல்லெண்ணத்தை நிரூபிக்க வேண்டியதாயிற்று. நிறைவு விழாவுக்கு அறுபத்து நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் பனியன் என் பொறுப்பு என்று எழுந்து நின்று அறிவித்தேன். கைதட்டினார்கள். (என் ஓய்வு விழாவில்கூட அவ்வளவு தட்டவில்லை.)

அனுப்பர்பாளையத்தில் சின்னதாகக் கம்பெனி வைத்திருக்கும் என் தங்கை மகன் கதிர்வேலிடம் போனேன். வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிய ஒரு லாட் பனியன் மூலையில் கிடந்தது. எல்லாம் கருநீலம், எல்லாம் சின்னப் பிள்ளைகள் அளவு. சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன்.

"நூத்தி எம்பது ஜி.எஸ்.எம். வருமா?"

"நூத்தி அறுவதுங்க மாமா."

"அதானே பார்த்தேன்" என்றேன். (ஜி.எஸ்.எம். என்றால் என்னவென்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அதைக் கேட்காமல் பனியனைத் தொட்டால் திருப்பூரில் மரியாதை போய்விடும்.)

பிறகு எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தேழில் இருக்கும்போது கதிர்வேல், "மாமா, ஒண்ணு சொல்லோணுங்க" என்றான். கணக்குத் தவறிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். ஐம்பத்திரண்டில், "மாமா, இந்த லாட்ட அவன் எதுக்குத் திருப்பி அனுப்புனான்னா…" என்றான்.

"எண்ணீட்டு இருக்கறப்ப ஊடால பேசாதடா!"

மூன்றாம் முறை அவன் வாயையே திறக்கவில்லை. அறுபத்து நான்கு சரியாக இருந்தது. உலகத்தையே ஜெயித்தவன் போல மூட்டையோடு ஆட்டோ ஏறினேன்.

நிறைவு விழா அன்று காலையில் பிள்ளைகள் பனியன் போட்டு வரிசையாக நின்றது கண்கொள்ளாக் காட்சி. கவுன்சிலரம்மா சந்தன நிறப் புடவையில் வந்து, "அசத்திப்போட்டீங்க சார்" என்றார். அந்தப் பெருமையை அனுபவிக்க விடாமல் பப்ஸ் பெட்டி வந்து சேர்ந்தது. எண்ணினால் அறுபதுதான் இருந்தது! நாலு பப்ஸுக்காகப் பேக்கரிக்காரரிடம் சண்டை போடப் பின்தெருவுக்குக் கிளம்பினேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் லாரி அப்போது பூங்காவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு பிள்ளைகள் கத்திய கத்தல் பேக்கரி வரை கேட்டது. நான் பப்ஸ் கவலையில் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு பப்ஸை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சாக்கடையில் தண்ணீர் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. சட்டைக்குச் சொட்டு நீலம் போட்ட தண்ணீர் மாதிரி அல்ல, மைப்புட்டியைக் கவிழ்த்த மாதிரி. எங்கள் ஊரில் சாக்கடை நிறம் மாறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எவனோ திருட்டுத்தனமாகச் சாயப்பட்டறைத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான்!

பப்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐந்து படம் எடுத்தேன். செயலியில் புகார் பதிந்தேன். வார்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்: "குழந்தைகள் விளையாடும் பூங்காவுக்கு அருகிலேயே இந்த அநியாயம். குற்றவாளியைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்." கீழே என் பெயரையும் போட்டேன்.

விழாவுக்காக வண்டியில் வந்துகொண்டிருந்த சுகாதார ஆய்வாளர் அந்த நேரம் பார்த்து என்னிடம் மாட்டினார்.

"விழாவுக்கு நேரமாச்சுங்க சார்…"

"விழா கெடக்குதுங்க! இப்ப விட்டா அவன் மூடீட்டுப் போயிருவானுங்க."

தண்ணீர் வந்த திசையில் இருவரும் நடந்தோம். வழியில் எப்போதும் பாதி ஷட்டர் இறக்கியே இருக்கும் ஒரு கட்டடம் உண்டு. எனக்கு அதன் மேல் நெடுநாள் சந்தேகம். ஷட்டரைப் படபடவென்று தட்டினேன். முழங்கை வரை வெள்ளையாக ஒருவர் குனிந்து வெளியே வந்தார்.

"உள்ள என்ன சாயம் போடறீங்க?"

"இட்லி மாவு அரைக்கறனுங்க பெரியவரே. நீலக் கலர்ல அரைச்சா நீங்க வாங்குவீங்களா?"

ஆய்வாளர் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். மேலும் முப்பது அடி நடந்ததும் நின்றார். "சார், தண்ணி பார்க்குக்குள்ள இருந்துதானுங்க வருது."

"பார்க்குக்குள்ளயே பட்டறை போட்டுட்டானுங்களா!" என்று கொதித்தபடி பின்வாசல் வழியே நுழைந்தேன்.

லாரிக்காரர் குழாயை வானத்தைப் பார்த்துப் பிடித்திருந்தார். அதன் கீழே அறுபத்து நான்கு பிள்ளைகளும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் நீலம். கழுத்து, கை, கால், காது எல்லாம் நீலம். கனிகா சிரித்தபோது பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஆசையாக ஓடி வந்து கட்டிக்கொண்ட பிள்ளைகளின் கைத்தடங்கள் கவுன்சிலரம்மாவின் சந்தனப் புடவையில் பதிந்திருந்தன. (முன்பக்கம் ஏழு. பின்பக்கம் எண்ணுவது மரியாதையாக இருக்காது.) மதுரைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த ஒரு தாய், "ஐயோ, எம்புள்ள மேலெல்லாம் நீலம் பாரிச்சுப்போச்சே! என்னத்தக் குடுத்தீக?" என்று அலறினார். லாரிக்காரர் பதறிக் குழாயை மூடினார்.

ஆய்வாளர் ஒரு பிள்ளையின் பனியனைப் பிழிந்தார். அந்த நீலம் அப்படியே ஓடிச் சாக்கடையில் சேர்ந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பப்ஸைப் பார்த்தேன்.

கவுன்சிலரம்மா கைபேசியை நீட்டி, என் செய்தியைச் சத்தமாகப் படித்தார். "'குற்றவாளியைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.' கண்டுபிடிச்சுட்டீங்களா சார்?"

நான் பப்ஸை மறு கக்கத்துக்கு மாற்றினேன்.

"புகார் குடுத்ததும் நீங்க, பனியன் குடுத்ததும் நீங்க. நான் ஆர் மேல நடவடிக்கை எடுக்கட்டுமுங்க?"

கைபேசியில் கதிர்வேலைக் கூப்பிட்டுக் கத்தினேன். "அதத்தானுங்க மாமா சொல்ல வந்தேன். சாயம் நிக்கலீன்னுதான் திருப்பி அனுப்புனான். உப்புத் தண்ணில ஊறப்போட்டு அலசிக் குடுங்கன்னு சொல்றக்குள்ள நீங்க எண்ண ஆரம்பிச்சுட்டீங்க."

கனிகா என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். வேட்டியும் நீலமானது. "அப்புச்சி, புகார் வந்தா அடுத்த வருசம் முகாம் இல்லைன்னாங்க. இப்ப நீங்களே குடுத்துட்டீங்களா?"

புகாரைத் திரும்பப் பெறலாம் என்று செயலியைத் துழாவினேன். கொடுக்கத்தான் வழி இருந்தது, திரும்பப் பெற வழி இல்லை. கடைசியில் எல்லோர் முன்னாலும் கைகூப்பி, "தப்பு என்னுதுங்கம்மா. புள்ளைகளுக்கு முகாம நிறுத்தீராதீங்க" என்றேன்.

கவுன்சிலரம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஆருக்காவது ஏதாவது குறை இருக்குதா கண்ணுகளா?"

"இருக்குது!" என்றான் முன்வரிசையில் நின்ற ஒருவன். "தண்ணிய நிறுத்திட்டாங்க!"

அவர் சிரித்துவிட்டார். "இந்தப் புகார மட்டுந்தான் நான் கணக்குல எடுத்துக்குவனுங்க" என்றார். அலறிய தாயும் சிரித்தார். லாரிக்காரர் மறுபடி குழாயைத் திறந்தார்.

முகாம் அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பூங்காவிலேயே நடக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவிப்பின் கடைசியில், "குழந்தைகளுக்கு ஆடை வழங்க விரும்புவோர் கவுன்சிலர் முன்னிலையில் துவைத்துக் காட்ட வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அது யாருக்கான வரி என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். கீழே நீல நிற இதயங்களாகப் போட்டுத் தள்ளுவார்கள்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். புதுத்துணி எது வந்தாலும் கனிகா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்து, என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் நனைப்பாள். குடும்பமே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். போன தீபாவளிக்கு எனக்கு எடுத்த வெள்ளை வேட்டியைக்கூட முக்கிப் பார்த்தார்கள்.