திமிங்கிலத்தின் வாசலில் ஒரு சம்பந்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. உன் மூட்டுவலியும் அத்தானின் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரியும் பெண்ணும் சௌக்கியம். நான் முக்கால்வாசி சௌக்கியம். மீதி எங்கே போயிற்று என்பது கீழே வரும். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நான் வாயைத் திறப்பதற்குள் "நீ என்னத்தடா பேசித் தொலைச்சே?" என்று குறுக்கே விழுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. பொறுமையாகப் படி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பார்த்த இந்த இடம் சரிப்படாது. லிப்ட் பழுது பார்க்கும் அந்தப் பையனுக்கும், அவனைப் பெற்ற மெத்தைக் கடைக்காரருக்கும் நீயே பக்குவமாகத் தகவல் சொல்லிவிடு. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் யோசித்து எடுத்த முடிவு எதுவும் தப்பியதில்லை என்பது உனக்கே தெரியும். அந்தப் பழைய கார் வாங்கிய விஷயத்தை இப்போது இழுக்காதே, அது வேறு.

வீட்டுக்கு வந்து பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம், பொது இடத்தில் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்று யோசனை சொன்னது நீ. தீம் பார்க் என்று சொன்னது பெண். பல் செட் செய்யும் லேபில் நாள் முழுக்க அடுத்தவர் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள், ஒரு நாளாவது காற்றாட இருக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து, "அப்பா, இதுதான் கடைசி. இதுவும் சரியா வரலன்னா இனிமே யாரையும் பார்க்கச் சொல்லாதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள் அக்கா, நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. அவளுக்கு முப்பத்திரண்டு நடக்கிறது. இதுவரை வந்த இடமெல்லாம் சாப்பாட்டு மேஜையிலேயே கலைந்து போயிற்று. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பேச்சு தொய்ந்து போகாமல் நான் ஒருவன்தான் தாங்கிப் பிடித்திருக்கிறேன். இந்தத் தடவையும் தயாராகத்தான் போனேன். முதலில் டிக்கெட் கவுண்டரில் நான் குப்பை கொட்டிய காலத்து அனுபவங்கள், அடுத்து நான் கையும் களவுமாகப் பிடித்த கள்ள நோட்டு ஆசாமி, அப்புறம் நம் குடும்பப் பெருமை, கடைசியில் நேரம் இருந்தால் பெண்ணைப் பற்றி.

நாங்கள் சாப்பிடப் போன பார்க் ஹோட்டல் ஒரு திமிங்கிலம். கேலி செய்யவில்லை, நிஜமாகவே சிமெண்டில் திமிங்கிலம் கட்டி, அதன் வயிற்றுக்குள் மேஜை போட்டிருக்கிறார்கள். வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும். ஒரு குடும்பத்தின் முறை வந்தால் வாய் ஆவென்று திறக்கும், அவர்கள் உள்ளே போனதும் மூடிக்கொள்ளும். சாப்பிட வந்தவர்களை முதலில் அது சாப்பிடுகிறது. வெளியே இரண்டு வரிசை. ஒன்று முன்பதிவு செய்தவர்களுக்கு, இன்னொன்று செய்யாதவர்களுக்கு. அக்கா, செய்தவர்களின் வரிசைதான் நீளம்! நாங்கள் போன வாரமே பதிவு செய்து, மத்தியானம் பன்னிரண்டுக்கு என்று எழுத்தில் வாங்கி வைத்திருந்தோம். இரட்டைக் குழந்தைகளை இரண்டு தோளிலும் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவரிடம், "பதிவு செஞ்சதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டேன். "காத்திருக்கறதுக்கு நமக்கு இடம் உறுதின்னு அர்த்தம் சார்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

நான் சும்மா இருப்பேனா? நேரே கவுண்டருக்குப் போனேன். தலையில் மீன் செதில் வைத்த தொப்பியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "பதிவு செஞ்சவங்க யாரோ அவங்க போனுக்குத் தகவல் வரும் சார். அவங்க வந்தா சொல்றேன்" என்றாள். பதிவு நம் பெண்ணின் பேரில். "நான் அவளோட அப்பா" என்றேன். "அப்பாவா இருந்தாலும்தான் சார்" என்றாள், தலையைத் தூக்காமலே. எனக்கு ஆத்திரமாக வந்தாலும் உள்ளூர ஒரு மரியாதையும் வந்தது. இத்தனை வருஷமும் நான் அப்படித்தானே பதில் சொன்னேன்! தலையைத் தூக்கினால் போச்சு, ஆள் நகரவே மாட்டான். தொழில் தெரிந்த பெண். ஆனால் என்னிடமே அதைக் காட்டலாமா?

ஆகவே நம் பெண்தான் அடிக்கடி கவுண்டருக்குப் போய்ப் போய் விசாரித்தாள். துணைக்கு அந்த லிப்ட் பையனும் போனான். ஒவ்வொரு தடவையும் சாவகாசமாகத் திரும்பி வந்து, "இன்னும் கொஞ்ச நேரமாம்பா" என்பாள். அவளுக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை, அது அவள் அம்மா வழி. பையன் ஒரு வார்த்தை தட்டிக் கேட்க வேண்டாமா? சிரித்துக்கொண்டே வருகிறான்! எங்களுக்குப் பின்னால் வந்த தாத்தா ஒருவர் உள்ளே போனார். ஒரு பிறந்தநாள் கூட்டம் கேக்கோடு உள்ளே போயிற்று. அந்த இரட்டைக் குழந்தைக்காரர் உள்ளே போய், சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு வெளியே வந்து, "இன்னுமா சார்?" என்று என்னிடமே கேட்டார். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பையனைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க கொஞ்சம் அதட்டிக் கேட்கக் கூடாதா?" என்றேன். "லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்க எல்லாருமே இப்படித்தான் அங்கிள் கேப்பாங்க. கொஞ்சம் மூச்சு விடுங்க, சரியாயிடும்" என்கிறான். எனக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுக்கிறான்!

உட்கார மீன் வடிவத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். சாய முதுகு கிடையாது, நடுவில் துடுப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதில் உட்கார்ந்து எழுந்ததிலிருந்துதான் என் இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் மரத்துப் போய், கால் என் பேச்சைக் கேட்பதில்லை. என் வீட்டுக்காரியும் பையனின் அம்மாவும் அதே பெஞ்சில் ஏதோ சொந்த வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோல உட்கார்ந்து, ஊரில் உள்ள அத்தனை பேரையும் அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வந்த காரியம் என்ன, இவர்கள் செய்வது என்ன!

இப்போது மெத்தைக் கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பசி தாங்காமல் அவர் ஒரு பெரிய காகிதக் கூம்பில் சோளப்பொரி வாங்கி வந்தார். "எடுத்துக்கோங்க" என்று என்னிடம் நீட்டினார். "ஐயோ, வேண்டாங்க" என்றேன். அவர் உடனே கையை இழுத்துக்கொண்டு முழுவதையும் தானே சாப்பிட்டுவிட்டார். அக்கா, நீயே சொல். ஒரே ஒரு தடவையா கேட்பார்கள்? இரண்டாவது தடவை கேட்டிருந்தால் "பரவாயில்லீங்க" என்றிருப்பேன், மூன்றாவது தடவை ஒரு கை அள்ளியிருப்பேன். இது தெரியாத வீட்டில் நம் பெண் எப்படி வயிறாரச் சாப்பிடுவாள்? அப்போதே என் மனசு விட்டுப் போயிற்று. அவர் பொரி தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன், வாயில் ஊறிய தண்ணீரை விழுங்கிக்கொண்டு.

அந்த நேரம் பார்த்துத் திமிங்கிலம் தலையில் உள்ள ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பீச்சி அடித்தது. குழந்தைகள் குதித்துக் கும்மாளம் போட்டன. தண்ணீர் அத்தனையும் மெத்தைக் கடைக்காரரின் இஸ்திரி போட்ட சட்டைமேல். நான் சிரிக்கவில்லை. வாய் கோணியிருக்கலாம், அது பசியில். அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே, "உங்க பொண்ணு பேர்லதானே பதிவு? ஒழுங்கா செஞ்சிருந்தா இந்நேரம் சாப்பிட்டுட்டு வீட்டுக்கே போயிருக்கலாம்" என்றார். பெண்ணைச் சொன்னதும் எனக்கு வந்ததே கோபம்! "எங்க பொண்ணு ஒழுங்காத்தான் செஞ்சா. உங்க பையனுக்குத்தான் நாலு வார்த்தை பேசத் தெரியல" என்றேன். "பேசத் தெரிஞ்ச நீங்க போய் என்னத்தைச் சாதிச்சீங்க?" என்று கேட்டார். அக்கா, சத்தியமாக அதற்குமேல் நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அவருடைய மெத்தைகளைப் பற்றி மட்டும் ஒரு கருத்துச் சொன்னேன்.

ஒருவழியாக எங்களுக்காகத் திமிங்கிலம் வாயைத் திறந்தபோது மணி இரண்டரைக்கு மேல். சண்டை போட்டாலும் மரியாதையை விட முடியுமா? "நீங்க முதல்ல போங்க" என்றேன். "அதெல்லாம் இல்ல, பொண்ணு வீட்டுக்காரங்க நீங்க போங்க" என்றார். "வயசுல பெரியவங்க நீங்க." "யாரு, நானா? உங்களைவிடச் சின்னவன்தான்." இப்படி இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கையை நீட்டிக்கொண்டிருந்தபோதே திமிங்கிலம் வாயை மூடிவிட்டது. மறுபடி திறக்க இன்னும் கால் மணி. உள்ளே போனால் சமையல் முடிந்துவிட்டதாம். ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும் கொடுத்தார்கள். மேஜையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் தயார் செய்துகொண்டு போனதில் ஒரு வரிகூட வெளியே வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாப்பாடு முழுக்க நான் பேசாமல் இருந்தேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். என்ன கேட்டாலும் "ம்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பாவம், எவ்வளவு நொந்து போயிருப்பாள்! என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவ்வளவுக்கும் காரணம் அந்த ஹோட்டல்தான். குறித்த நேரத்தில் உட்கார வைத்திருந்தால் நான் பேச்சை எடுத்திருப்பேன், எல்லாம் அழகாக முடிந்திருக்கும். நான் விடுவதாக இல்லை. மேலாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன். அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நீயும் உன் பங்குக்கு மெத்தைக் கடைக்காரரிடம், பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று கௌரவமாகச் சொல்லி முடித்துவிடு. நாம் வேண்டாம் என்று சொன்னதாகவே இருக்கட்டும். பெண்ணுக்கு நான் இருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்த ஹோட்டல் மேலாளரே போன் செய்தார். புகாருக்குப் பயந்துவிட்டார் என்று காலை நீட்டி உட்கார்ந்து, ஆற அமரக் கேட்டேன். "சார், முதல்ல ஒரு அரை மணி தாமதமாச்சு, அதுக்கு மன்னிச்சிடுங்க. ஆனா அதுக்கப்புறம் உங்க மேஜை மூணு தடவை தயாராச்சு. மூணு தடவையும் உங்க மகள் வந்து, பின்னாடி நிக்கறவங்களுக்குக் கொடுத்துடுங்கன்னு சொல்லிட்டாங்க. கூட ஒருத்தர் வந்தார், அவரும் அதையேதான் சொன்னார்" என்றார். நான் போனை வைத்துவிட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் மறைக்கவில்லை. "உள்ள போயிருந்தா எல்லாரும் ஒரே மேஜைப்பா. நீங்க பேசியிருப்பீங்க, அவங்கப்பா பேசியிருப்பாங்க, நாங்க தட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தானே ஆச்சு? அன்னிக்கு வெளிய நின்னதாலதான் நாங்க ரெண்டு பேரும் பேச முடிஞ்சுது" என்றாள். "பேசி?" என்று கேட்டேன். "எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்றாள். அடுப்படியில் என் வீட்டுக்காரி சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன் அக்கா, அழுகைதான் வந்தது. ஆகையால் மேலே எழுதிய எதையும் நீ படிக்கவில்லை. மறுபடி எழுதக் கை வலிக்கிறது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். இன்றைக்கே மெத்தைக் கடைக்காரரைக் கூப்பிட்டு எங்களுக்குப் பூரண சம்மதம் என்று சொல்லிவிடு. மெத்தையைப் பற்றி நான் சொன்னதற்கு என் சார்பில் நீயே மன்னிப்புக் கேள், நான் பேசினால் கூடிப் போகும். கல்யாணப் பேச்சுக்கு எல்லோரும் உட்காரும்போது என்னை மட்டும் வாசலில் ஒரு பெஞ்சு போட்டு உட்கார வைத்துவிடு. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறேன்.