சவரிமுத்து ஓடாவியின் படகு

படகு மறுபடியும் மூழ்கியபோது ராபர்ட் அதற்குள்ளேதான் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றால் தண்ணீர் தொடை வரைக்கும்தான் வரும். எழுந்திருக்கத்தான் மனசில்லை.

"எய்ந்திரு ராபர்ட்டு," என்றான் கரையில் நின்ற பக்கிரி. "குளிச்சது போதும்."

"தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாத்துக்கினு கீறேன்."

"எங்கேர்ந்து வரலன்னு பாரு. சீக்கிரம் முடிஞ்சிடும்."

அடையாறு கடலில் கலக்கிற இடம். உடைந்த பாலத்துக்கு இந்தப் பக்கம். பக்கிரி பட்டினப்பாக்கத்தில் மீன் பிடிக்கிறவன். ராபர்ட்டோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் சேர்ந்து, ஒன்றாகவே நின்றுவிட்டவன். ராபர்ட்டுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறை. மாடுலர் கிச்சன், பீரோ, செருப்பு அலமாரி எல்லாம் செய்வான். ஆனால் வாசலில் மாட்டியிருந்த போர்டு வேறு மாதிரி சொல்லியது: 'ராபர்ட் வுட் ஒர்க்ஸ். நான்கு தலைமுறையாகப் படகு கட்டும் குடும்பம்.'

அந்தப் போர்டுதான் வினை. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நல்லசிவம், கடைக்கு அலமாரி விசாரிக்க வந்தவர், போர்டைப் படித்ததும் அலமாரியை மறந்துவிட்டார். முட்டுக்காட்டுப் பக்கம் அவர் ஒரு ரிசார்ட் கட்டுகிறார்.

"எல்லாப் பயலும் பைபர் போட்டுதான் வச்சிருக்கான். எனக்கு மரத்துல வேணும்," என்றார். "ஆனா ஒண்ணு தம்பி. உங்க தாத்தா கட்டுன படகு ஒண்ணை எனக்குக் காட்டணும். அதுல நான் ஏறி உக்காந்து பார்ப்பேன். நல்லா இருந்துச்சுன்னா ரிசார்ட்டுக்கு வேண்டிய அத்தனை படகும் நீதான் கட்டுத."

ராபர்ட் தலையாட்டிவிட்டான். வேறு வழியில்லை. பட்டறையில் வேலை வந்து ரொம்ப நாளாயிற்று. இந்த ஆர்டரும் போனால் பட்டறையைப் பூட்டிவிட்டு, மேடவாக்கத்தில் மச்சான் நடத்துகிற வீட்டு புரோக்கர் ஆபீசில் போய் உட்கார வேண்டியதுதான். அங்கே மச்சானை 'சார்' என்று கூப்பிட வேண்டும். மச்சான் அதை இப்போதே கண்டிஷனாகச் சொல்லிவிட்டான்.

நல்லசிவம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

உண்மையில் ராபர்ட் இதுவரை ஒரு படகும் கட்டியதில்லை. அவன் அப்பா பஸ் கண்டக்டர்.

"நாலு தலமொறைன்னு போர்டுல போட்டுக்கிறியே, அதுல உங்கப்பாரு எப்டி வர்றாரு?" என்று பக்கிரி ஒருமுறை கேட்டான்.

"அவரும் வண்டி வுட்டவருதான."

தாத்தா சவரிமுத்து மட்டும் நிஜமான ஓடாவி. படகு கட்டுகிற ஆசாரியை அப்படித்தான் சொல்வார்கள். ராபர்ட் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார். 'எங்கப்பா கட்டுன படகுல ஏறாத பெரிய மனுசன் கெடையாது' என்று மட்டும் அப்பா அடிக்கடி சொல்வார். அவர் கட்டியதில் மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். ராஜா அண்ணாமலைபுரத்தில் ராபர்ட் வீட்டுக்குப் பின்னால், தலைகீழாகக் கவிழ்ந்து, அவன் மனைவி ஜெசிந்தாவின் கோழிகளுக்குக் கூரையாக இருந்தது.

இருவரும் படகைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அடிப்பலகையில் கைமுட்டி போகிற அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. அதற்கு மரத்தில் ஒரு மூடி. மூடியில் ஒரு கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு கயிறு பலகைக்கு அடியிலேயே ஒளிந்து ஒளிந்து முன்பக்கம் வரைக்கும் போனது.

"இன்னாபா இது, வாஷ்பேசின் கணக்கா கீது," என்றான் பக்கிரி.

"உள்ள வுழுற மழத்தண்ணி வெளிய போறதுக்கு. தாத்தா மூளைய பாத்தியா?"

"சரி. இது வெளிய போற வழின்னு ஆத்துத்தண்ணிக்கு யாரு சொல்றது?"

ராபர்ட் கயிற்றை அறுத்து, ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்தான். மறுநாள் தள்ளினார்கள். படகு கொஞ்ச நேரம் ஒழுங்காக மிதந்தது. பிறகு யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி இடது பக்கமாகச் சாய்ந்து, அப்படியே உள்ளே போனது.

இடது பக்கப் பலகையைத் தட்டினால் சத்தம் வேறாக இருந்தது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே இரும்புக்கட்டிகள், வரிசையாக, போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தன. மேலே பலகை அடித்து பெயிண்டும் பூசியிருந்தார் சவரிமுத்து.

ராபர்ட் இரும்பைத் தடவிப் பார்த்தான். "வலது பக்கம் வல இழுக்கும்போது போட்டு சாயக்கூடாதுல்ல. அதுக்கு இடது பக்கம் வெயிட்டு."

"நான் வல இழுக்குறவன். சொல்றேன், அப்டி எவனும் வெக்கமாட்டான்."

"நீ பைபர் போட்டுல போறவன். உனக்கு இதெல்லாம் புரியாது."

போல்ட்டு துருப்பிடித்து அசைய மறுத்தது. அதனால் எதிர்ப்பக்கத்தில் சம எடை வைத்துவிடலாம் என்று ராபர்ட் முடிவு செய்தான். சம எடைக்கு வீட்டில் ஜெசிந்தாவின் அம்மிக்கல்தான் இருந்தது. இந்தத் தடவை படகு எந்தப் பக்கமும் சாயவில்லை. நேராக இறங்கியது.

"முன்னேற்றம்தான்," என்றான் பக்கிரி. "இப்ப ஒய்ங்கா முழுவுது."

படகை மேலே இழுக்கும்போது அம்மி உருண்டு ஆற்றோடு போய்விட்டது. ஜெசிந்தா அன்று ராத்திரி சட்னி வைக்கவில்லை.

"இன்னாங்க," என்றாள் காலையில், "உங்க தாத்தா கோவமா இருந்தப்போ கட்டுனதா இது?"

இதற்கிடையில் பக்கிரி குப்பத்தில் விசாரித்துவிட்டு வந்தான். "ராபர்ட்டு, எனுக்கு ஒண்ணு புரியல. எங்க குப்பத்துல உங்க தாத்தா பேரு தெரியாத பெருசே இல்ல. ஆனா அவுரு படகுல கடலுக்குப் போனவன் ஒருத்தன்கூட இல்ல. ஏன்?"

"பெரிய எடத்துக்குத்தான் கட்டுவாரு போல."

"பெரிய எடத்துல எவன்டா மீன் புடிக்கிறான்?"

ராபர்ட்டுக்கும் உள்ளுக்குள் குடைந்துகொண்டுதான் இருந்தது. எந்த மூலையைத் தொட்டாலும் வேலை சுத்தமாக இருந்தது. பலகை ஒவ்வொன்றும் இழைத்து, மூட்டு ஒவ்வொன்றும் அளந்து செய்தது. இவ்வளவு நல்ல வேலைக்காரர் கட்டிய படகு ஏன் மிதக்க மாட்டேன் என்கிறது?

பட்டறையிலிருந்து கிரைண்டர் கொண்டுவந்து போல்ட்டுகளை அறுத்தான். இரும்பு வெளியே வந்தது. கூடவே ஒரு பலகையும் வந்தது. அந்தப் பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவே தண்ணீர் புகாமலிருக்கப் பஞ்சு திணித்த அடையாளமே இல்லை. மறுபக்கம் முழுக்க நூல் பிடித்த மாதிரி திணித்திருந்தவர், இந்தப் பக்கம் மட்டும் திணிக்கவில்லை.

இனிமேல் யோசிப்பதில்லை என்று ராபர்ட் தீர்மானித்தான். தெரிந்த வேலையைச் செய்தான். இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசினான். உட்புறம் முழுக்கக் கிச்சனுக்கு ஒட்டுகிற லேமினேட் ஷீட்டை ஒட்டினான். வெள்ளையில் ரோஜாப்பூ போட்டதுதான் கையிருப்பில் இருந்தது.

"கேஸ் அடுப்பு எங்க வெக்கப்போற?" என்றான் பக்கிரி.

ஆனால் படகு மிதந்தது. சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் அதில் உட்கார்ந்து வெகுநேரம் சும்மாவே இருந்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பின்பக்க இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது அகலமாக, சாய்மானத்தோடு, கீழே கால் வைக்க ஒரு தனிப் பலகையோடு இருந்தது. அதை ராபர்ட் முதலாளிக்கென்று வார்னிஷ் அடித்துக் காயவைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் மனைவி சரோஜாதேவியோடு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காற்று வாங்க வந்த கூட்டம் வேடிக்கை பார்க்க நின்றது. மாங்காய் பத்தை விற்கிற ரத்னா என்கிற வயதான பெண்மணியும் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள்.

"உள்ள ரோஸ் பூவெல்லாம் அந்தக் காலத்துலயே போட்டதா?" என்று கேட்டார் சரோஜாதேவி.

"ஆமாம்மா," என்றான் ராபர்ட். பக்கிரி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

சரோஜாதேவி கரையிலேயே நின்று செல்போனை நீட்டிப் படம் பிடித்தார். நல்லசிவம் பின்னிருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார். ராபர்ட் துடுப்பு போட, படகு ஆற்றின் நடுவுக்குப் போய் அன்னம் மாதிரி நின்றது.

"அடேயப்பா," என்றார் நல்லசிவம். இருக்கையைத் தடவினார். மரத்தைத் தட்டினார். முகம் மலர்ந்தது. "தம்பி, நானும் எத்தனையோ படகு பாத்திருக்கேன். இந்த மாதிரி உக்கார எடம் எங்கயும் பாத்ததில்ல. ராசா மாதிரில்லா இருக்கு. கேட்டுக்கோ. என் ரிசார்ட்டுல ஓடுத அத்தனை படகும் உன் கைதான் கட்டணும். இது நல்லசிவம் வாக்கு."

வாக்கு என்று சொல்லி, கால்பலகையை ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

கால்பலகைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். ராபர்ட் கண்ணில் படாத இன்னொரு மூடி.

படகு பதறவில்லை. மூக்கை ஒருமுறை நிமிர்த்தியது. மெதுவாக அரைவட்டம் போட்டு, நல்லசிவத்தின் முகத்தைக் கரைப்பக்கம் திருப்பி வைத்தது. பிறகு அவசரமே இல்லாமல், மட்டமாக, கீழே இறங்கியது. சட்டையின் மேல் பட்டன் வரைக்கும் தண்ணீர் வந்ததும் நின்றுகொண்டது.

"அப்படியே இருங்க," என்றார் சரோஜாதேவி போனைப் பார்த்தபடி. "முகம் நல்லா விழுது."

கரையில் ரத்னா இரண்டு கையையும் தலையில் வைத்து ஓவென்று அழுதாள். கொஞ்ச நேரம்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மாங்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

நல்லசிவம் வேட்டியைப் பிழிந்தபடி கரையேறினார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"ஏ தம்பி, நீந்துததுக்கு நான் தனியா நீச்சக்குளம் கட்டியிருக்கேன்டே. படகுல ஏறுதவன் நனையக் கூடாதுன்னுதான் படகே வேணும்னேன்." காருக்குள் சீட் நனையாமல் இருக்க சரோஜாதேவி பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். "யாருடே உன் தாத்தாவுக்குத் தொழில் சொல்லிக் குடுத்தது?"

ராபர்ட் மூழ்கிய படகையே பார்த்துக்கொண்டு நின்றான். 'சார்' என்று ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான்.

ரத்னா கூடையோடு கிட்டே வந்தாள். "இது யாரு கட்டுன படகு தம்பி?"

"எங்க தாத்தாதான்மா. சவரிமுத்து ஓடாவி."

ரத்னாவின் முகம் அப்படியே விரிந்தது. போய்க்கொண்டிருந்த நல்லசிவத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அதான பாத்தேன், நான் கோடம்பாக்கத்துல கும்பலோட கும்பலா கரையில நின்னு அழுவுற காலத்துல, ஈரோ வசனத்த முடிச்சி கால அமுக்குனா கரெக்டா முழுவுற படகு கட்டத் தெரிஞ்சவரு அவுரு ஒருத்தருதான்; மத்தவன் கட்டுனதெல்லாம் மெதந்துகினே நின்னு மானத்த வாங்கும்."