லிமாவ் அண்ணனும் என் இடது காலும்

ஈப்போவில் அந்தக் காலத்தில் எத்தனையோ மெக்கானிக்குகள் இருந்தார்கள். கார் கொண்டுபோனவனைத் துக்கம் விசாரித்து வரவேற்றவர் லிமாவ் அண்ணன் ஒருவர்தான். புந்தோங்கில் தகரக் கூரை போட்ட பட்டறை. வண்டி வாசலுக்கு வரும்போதே தலையை ஆட்டுவார். "போச்சு தம்பி. இது தேறாது லா." டயருக்குக் காற்றடிக்க வந்த ஒரு வாத்தியாரிடமே இப்படிச் சொல்லப்போய், அந்த மனுஷன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

லிமாவ் என்றால் மலாயில் எலுமிச்சை. சதா புளித்துக் கிடக்கும் முகத்துக்கு வைத்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. வண்டி வாங்கினாலோ ரிப்பேர் முடிந்தாலோ திருஷ்டி கழிய நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோமே, அண்ணனும் ஏற்றச் சொல்வார். சாமிக்காக அல்ல, கிளட்சைச் சோதிக்க! வண்டி நைசாகக் கிளம்பினால் பழம் இருந்த இடத்திலேயே சப்பையாகும். உதறிக்கொண்டு கிளம்பினால் நசுங்காமல் தெறித்து ஓடும். நாலும் சப்பையாகாத வண்டிக்குச் சாவி கிடையாது. பெரிய மனுஷன், சின்ன மனுஷன் பேதமெல்லாம் இல்லை.

ஒரு தடவை கல்யாணக் கார் ஒன்று பூமாலையோடு வந்து நின்றது. பழம் வைத்து ஏற்றினார்கள். ஒன்று தெறித்து மாப்பிள்ளையின் அப்பா முழங்காலில் பட்டது.

"கியர்பாக்ஸ எறக்கணும்," என்றார் அண்ணன்.

"அண்ணே, முகூர்த்த நேரம் லா!" என்று கெஞ்சினார் அப்பாக்காரர்.

"கிளட்சுக்கு அது தெரியுமா?"

மாப்பிள்ளை நாதஸ்வரக்காரர்களின் வேனில், தவிலை மடியில் வைத்துக்கொண்டு தாலி கட்டப் போனார். இன்னொரு நாள் ஒரு போலீஸ் சார்ஜன் மீசையை முறுக்கிக்கொண்டு, "நா யாருன்னு தெரியுமா?" என்றார். "என்கிட்ட ஏன் சொல்றீங்க, பழத்துகிட்ட சொல்லுங்க," என்று அண்ணன் ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். சார்ஜன் நடந்தே போனார்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான் நானும். எழுபதுகளின் கடைசி. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை, ஒரு பழைய கார். கிளட்சை மிதித்தால் கர்ரென்று அரைக்கும், விட்டால் பேய் பிடித்ததுபோல் உதறும். எனக்கென்ன, அதோடு காலம் தள்ளியிருப்பேன். ஆனால் அக்கா இருந்தாளே.

அக்கா சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், அங்கேயே லயத்து வீட்டில் குடியிருந்தாள். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். வயிற்றில் கட்டி என்றார்கள். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கூட்டி வந்தேன். நின்று கிளம்பும்போதெல்லாம் வண்டி உதறும், அவள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொள்வாள்.

"வலிக்குதாக்கா?"

"இல்லடா. நீ ரோட்டப் பாரு."

ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, சனிக்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர். டாக்சி பிடிக்கிறேன் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், ஒன் காரு எங்க போச்சு? தம்பி காருல வந்தேன், தம்பி காருலயே போறேன். லயத்துல எல்லாரும் பாக்கட்டும்." அந்தப் பச்சைத் தையலோடு அந்த உதறலில் நாற்பது மைலுக்கு மேல் அவளை எப்படிக் கொண்டுபோவேன்?

திங்கட்கிழமை லிமாவ் அண்ணனிடம் போனேன்.

"மிதிச்சா சத்தமா, விட்டா சத்தமா?"

"மிதிச்சா சத்தம். விட்டா ஒதறல்."

"பேரிங் செத்துருச்சு. பிளேட்டுல எண்ணெ எறங்கியிருக்கும். பாவம், நல்லா வாழ்ந்த வண்டி."

அக்கா விஷயத்தைச் சொன்னேன். அவர் தேறாது என்று சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உடனே வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

புதன்கிழமை புது பேரிங், புது பிளேட், எண்ணெய் கசிந்த சீலும் புதுசு. சத்தம் நின்றுவிட்டது. பழம் வைத்தோம். இரண்டு சப்பை, இரண்டு தெறித்து வாசல் லோங்காங் சாக்கடையில் விழுந்தன. வியாழக்கிழமை மறுபடியும் குடைந்து, இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டை பிய்ந்துகிடப்பதைக் கண்டுபிடித்தார். "எஞ்சின் ஆடுது, அதான் இன்னும் ஒதறுது." அக்கா ஆயுசுக்கும் வெட்டிய ரப்பர் கடைசியில் அவளையே குலுக்குகிறது பார் என்று எனக்கு வயிறெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அதையும் மாற்றி, பழம் வைத்து, என்னை ஏறச் சொன்னார். கிளட்சை விட்டேன். தெறித்தது. மறுபடி விட்டேன். மறுபடி தெறித்தது.

"என்னா அண்ணே வேல பாத்தீங்க! நாளைக்கு அக்காவக் கூட்டிட்டுப் போவணும் லா!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். இடது காலில் செருப்பைக் கழற்றினார். வண்டி நகர்ந்தது. நாலும் சப்பை. திரும்ப என்னை ஏறச் சொன்னார். தெறித்தது.

"கிளட்ச் சரியாப் போச்சு தம்பி. ஒன் காலுதான் நடுங்குது."

"நா ஒண்ணும் பயப்படல."

"பயம்னு யாரு சொன்னா? நடுங்குதுன்னேன். அதுக்கு ஸ்பேர் பார்ட் கெடையாது."

பழைய டயர் மேல் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். அழாதே என்று வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை காத்திருந்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். "சாவி என்கிட்ட இருக்கட்டும். காலையில நா வாரேன்."

சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்து நின்றார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. பின்சீட்டில் தலையணைகள் அடுக்கி அக்காவைப் படுக்க வைத்தோம். வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், கண் பாதி சொருகியிருந்தது. நான் முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே செத்தார்கள், அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நின்று கிளம்பும் இடத்திலெல்லாம் நான் பல்லைக் கடித்தேன். அக்கா கடிக்கவே இல்லை. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குழிக்குக் குழி நிறுத்தி, மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றினார்.

லயத்து வாசலில் நான் இறங்கிக் கதவைத் திறந்தேன். "அக்கா, வந்தாச்சு."

கண்ணைத் திறந்து வீட்டைப் பார்த்தாள். "காரு எப்படா கெளம்புச்சு?"

லிமாவ் அண்ணன் சட்டென்று குனிந்து, கிளட்ச் பெடலுக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தேடினார்.

அதற்குப் பிறகு அக்கா பதினோரு நாள் இருந்தாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கார்ப் பெருமைதான். ஊசி மயக்கத்தில் வந்தவளுக்கு, நான்தான் ஓட்டி வந்தேன் என்று நினைப்பு. எனக்கும் மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம் லிமாவ் அண்ணன் கிளட்சைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் யாரென்று தெரியாமல் அவரிடமும் அக்கா ஆரம்பித்துவிட்டாள். "ஒரு குலுங்கல் இல்லண்ணே. எந்தம்பி என்னைய அப்படிக் கொண்டாந்தான்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் சார்ஜனுக்கும் மசியாத மனுஷன், பொய் வாயில் வராத மனுஷன்.

"ஆமாம்மா," என்றார் அவர். "நானும் எத்தனையோ பேரப் பாத்துட்டேன். ஒங்க தம்பி மாதிரி கிளட்ச் விடுறதுக்கு ஈப்போவுல ஆள் கெடையாது."

அக்காவின் முகம் மலர்ந்து போனது. அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.