பாயாச வார்டு

படித்தவர்கள் செய்கிற முட்டாள்தனத்துக்கு வரைபடம், அறிக்கை எல்லாம் இருக்கும். என்னுடையதற்கு அட்டைகூடப் போட்டிருந்தேன்.

போடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பராமரிப்பு இன்ஜினியராகச் சேர்ந்த புதிது. ஆறு மாதத்துக்குள் கரண்டுச் செலவைக் குறைத்துக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்று பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். (சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.) நானோ தெருவில் பாதிப் பேரிடம் வேலை நிரந்தரமாகிவிட்டதாகவே சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் உருப்படியாகத்தான் போனது. பல்புகளை மாற்றினேன், ஏசி அறைகளின் கதவிடுக்கை அடைத்தேன். ஆளில்லாத அறையில் ஓடிய ஃபேனை அணைத்து, கட்டிலுக்கடியில் செருப்பு தேடிக்கொண்டிருந்த ஒருவரிடம் திட்டும் வாங்கினேன். ஆனாலும் துணி காயவைக்கும் மெஷின் கரண்டைக் குடித்துக்கொண்டே இருந்தது. மாடியில் கொடி கட்டினால் குரங்குகள் போர்வையோடு போய்விடுகின்றன.

அதனால் மாடியில் தகரம் போட்டுக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். அதற்கடியில் சூடாகும் காற்றை ஒரு சின்ன ஃபேன் இழுத்து, மூடிய அறைக்குள் தள்ளும். அறிக்கையில் ‘சூரிய வெப்பக் காற்று உலர்த்தி’ என்று எழுதினேன். போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கும் வேலை பார்க்கிற அப்பா, அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “நம்ம ஸ்டோருதேன்” என்றார். (ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு எஸ்டேட்டில் ஸ்டோர் என்றுதான் பெயர்.)

சலவைக்குப் பொறுப்பான மரியாம்மா சிஸ்டர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஏலக்காய் எஸ்டேட்டில் வளர்ந்தவர். “எண்ட பெட்ஷீட்டுல சோதனை வேண்டா. மொதல்ல வேற எதாச்சும் ஒணக்கிக் காட்டு” என்று சொல்லிவிட்டார்.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் பழைய துண்டு ஒன்றை நனைத்துப் போட்டிருப்பாள். நான் போடிக்காரி. சூடு கூடினால் வெளுத்துவிடும், குறைந்தால் பூஞ்சை பூத்துவிடும் ஏலக்காயை, பச்சை மாறாமல் காயவைத்தால்தான் எங்களுக்கு அது ஒரு அறை. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, ஒரு மூட்டை பச்சைக்காய் வேணும்.”

“எதுக்குத்தா?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“யாருக்கு என்ன செய்யுது?” என்று பதறினார். விஷயத்தைச் சொன்னதும் மறு ஜீப்பிலேயே காய் வந்துவிட்டது.

இரண்டு நாள் நல்ல வெயில். காய் பச்சை மாறாமல் காய்ந்தது. பெரிய டாக்டரே நாலு காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, “பரவாயில்லையே” என்றார். ஆஸ்பத்திரியே என் பேரில் இருப்பதுபோல் நடந்தேன். மூன்றாம் நாள் பெட்ஷீட்டுகளைக் காயவைத்து ஆண்கள் வார்டில் விரித்தோம். ஏலக்காய் மணம் எனக்குத் தெரியவில்லை, சிஸ்டருக்கும் தெரியவில்லை. அதிலேயே வளர்ந்த மூக்குகள் அதைக் கண்டுகொள்வதை எப்போதோ விட்டிருந்தன.

அந்த வார்டில் குடலிறக்க ஆபரேஷனுக்காகத் தேவாரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி வெறும் வயிற்றோடு படுத்திருந்தார். காலை எட்டு மணிக்கு, “எங்கிட்டோ பாயாசம் காய்ச்சுறாக” என்று ஆரம்பித்தார். அரை மணியில் வார்டு முழுக்க அதே பேச்சு. ஒன்பது மணிக்கு அவரைக் காணோம். கேன்டீனில் நாலு இட்லி தின்று, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. பெரிய டாக்டர் கோபமாக வந்தார்.

“சாமி, பட்டினி கெடக்கச் சொன்னீக, கெடந்தேன். பாயாசத்தை மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு கெடக்கச் சொன்னா எப்பிடிங்க?” என்றார் அவர்.

டாக்டர் பெட்ஷீட்டின் ஓரத்தைத் தூக்கி மோந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, கரண்டு இல்லாமக்கூட என் ஆபரேஷன் நின்னதில்ல. கரண்டை மிச்சம் பிடிச்சு நின்னது இதுதான் மொதல் தடவை.”

ஜெனரேட்டர் அறைக்குப் போய் அழுதேன். (அங்கே அழுதால் சத்தம் கேட்காது. ஆனால் அன்று பார்த்துக் கரண்டு போகவில்லை, எல்லாருக்கும் கேட்டது.) பெட்ஷீட்டுகளை மூன்று முறை துவைத்து, பழைய மெஷினை ராப்பகலாக ஓட்டி, அதுவரை மிச்சம் பிடித்த கரண்டையெல்லாம் நானே தீர்த்தேன். போதாததற்கு வாசலில் மூட்டையோடு இரண்டு பேர், “இங்க காய் நல்லாக் காயுதாமே?” என்று விசாரித்துக்கொண்டு நின்றார்கள்.

அறையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன். என் மூக்கை நானே நம்பாததால், சரியாகிவிட்டதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆபரேஷன் முடிந்து தையல் பிரிக்க வந்த தேவாரத்துக்காரரை டாக்டர் கூப்பிட்டு, அங்கே புதிதாகக் காய்ந்த பெட்ஷீட்டை நீட்டினார். அந்த மனிதர் கண்ணை மூடி நிதானமாக மோந்தார்.

“இப்பப் பசிக்குதா?” என்று கேட்டார் டாக்டர்.

“இல்ல சாமி.”

வேலை நிரந்தரமானது. அந்த அறை இன்றும் ஓடுகிறது, பழைய மெஷின் மழைக்காலத்தில் மட்டும் எழுந்திருக்கிறது. ஆனால் என் நியமன ஆர்டரில், வேறு யாருக்கும் இல்லாத ஒரு வரி உண்டு: ‘துணி தவிர வேறெதையும் உலர்த்தக்கூடாது.’ அப்பா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்தும் காட்டுகிறார்.

போன வாரம் எங்கள் வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

“ஆத்தா, ஆர்டர்ல என்ன போட்டிருக்கு?”