பத்தில் நாலு போனால் எட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பள்ளிக்கூட நாளில் கணக்கில் நான் நூற்றுக்கு நூறு. அப்படிப்பட்ட நான்தான் ஓர் அதிகாரியின் முன்னால், இருபத்திரண்டு குழந்தைகளைச் சாட்சி வைத்துக்கொண்டு, பத்தில் நாலு போனால் எட்டு என்று நிரூபித்தேன். வாயால் சொல்லியிருந்தால்கூட மழுப்பியிருக்கலாம். அளந்தே காட்டிவிட்டேன்.

குருவிகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்து அப்போது ஆறு மாதம். நான் சங்கரன்கோவில் டவுனில் பிறந்து வளர்ந்தவள். உளுந்து என்றால் எனக்குத் தோசை மாவு. அது செடியில் காய்ப்பதையே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். (வகுப்பில் இதை மூச்சு விடவில்லை. டீச்சருக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறதே!) ஆனாலும், விவசாயத்தையும் சாப்பாட்டையும் வைத்துக் கணக்கு சொல்லித்தருகிறேன் என்று பெரிதாக ஒரு திட்டம் எழுதி அனுப்பினேன். கல்வி அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால், ஒன்றியத்து ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் நான் மாதிரி வகுப்பு எடுக்கலாம்.

"புஸ்தகத்துல இருக்கத நடத்துனா போதாதாம்மா?" என்று கேட்ட தலைமையாசிரியரின் முகத்தில் கரி பூசலாம். அந்த ஆசையிலேயே புதுப் புடவை எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியும் போட்டுவிட்டேன்.

ஒத்திகைக்காகப் பிள்ளைகளை வேலுச்சாமி அண்ணாச்சியின் களத்துக்கு அழைத்துப் போனேன். என் வகுப்பு இசக்கியம்மாளின் அப்பா அவர். அடித்த உளுந்து மலையாகக் குவிந்து கிடந்தது. அண்ணாச்சி படியால் அளந்து சாக்கில் கொட்டினார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

"அண்ணாச்சி, ஒண்ணை விட்டுட்டீங்க."

"விடல டீச்சர். முதப் படிய ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம்லா. ஒண்ணோட நின்னுரக் கூடாதே! அதான் லாபம்னு தொடங்குதோம்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. உடனே திட்டத்தில் 'மண்ணின் மணம்' என்று ஒரு வரி சேர்த்தேன். ஆறு மாதமாக ஒன்று, இரண்டு சொல்லக் கொட்டாவி விட்ட பிள்ளைகள், திரும்பும் வழியெல்லாம் "லாபம், ரெண்டு, மூணு" என்று வேலிக் கற்களை எண்ணிக்கொண்டே வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதிகாரி வந்தார். கரும்பலகையில் 1 என்று எழுதி, "இது என்ன?" என்று கேட்டார்.

"லாபம்!" இருபத்திரண்டு தொண்டையும் ஒரே குரலில் முழங்கின.

அவர் என்னைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பைப் பார்த்தேன். முன்வரிசையில் இருந்த இசக்கியம்மாளிடம், "உங்க கிளாஸுக்கு எத்தனை டீச்சர்?" என்றார்.

"லாபம் சார்."

(என்னால் லாபம் என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. சொன்ன நேரம் இப்படியா வாய்க்க வேண்டும்?)

கழித்தலில் மானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பிள்ளைகளின் சாப்பாட்டுக்குக் கொடுக்கவென்று உளுந்துச் சாக்கோடு காத்திருந்தவர், சத்துணவு அண்டாவில் பத்துப் படி உளுந்து அளந்து கொட்டினார். பிள்ளைகள் எண்ணினார்கள். அவர் எப்படி அளக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. என் கண் அதிகாரியின் முகத்திலேயே இருந்தது. பிறகு நான் இறங்கினேன். அளவு என்றால் துல்லியம் வேண்டாமா? ஒவ்வொரு படியையும் மரஸ்கேலால் வழித்துச் சமமாக்கி, நாலு படி வெளியே எடுத்தேன்.

"மிச்சம் எத்தனை?"

"ஆறு!"

அதிகாரி தலையாட்டினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சனி விட்டால்தானே? "வாங்க, அளந்தே பாத்துருவோம்" என்றேன்.

ஸ்கேலால் வழித்து வழித்து ஆறு படி அள்ளினேன். இசக்கியம்மாள் அண்டாவை எட்டிப்பார்த்து, "டீச்சர், இன்னும் கெடக்கு" என்றாள். ஏழு. "இன்னும் கெடக்கு டீச்சர்." எட்டு. அண்டா காலி. தலைமையாசிரியர் மின்விசிறியை வாழ்க்கையில் முதல்முறை பார்ப்பவர்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பத்துல நாலு போனா எட்டா டீச்சர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"சொல்லுங்க டீச்சர்" என்றார் அதிகாரி.

"அண்ணாச்சி, பத்துதானே அளந்தீங்க?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பத்துதான் டீச்சர். நான் குமிச்சுல்லா அளந்தேன்! நீங்க ஸ்கேல வச்சு வழிச்சுட்டீங்களே!"

"எதுக்குக் குமிச்சீங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "யாவாரிக்கு விக்கும்போதுதான் தலை தட்டுவோம் டீச்சர். பிள்ளையளுக்குக் குடுக்கதுல போய் யாராச்சும் தலை தட்டுவாகளா?"

இதற்குள் இசக்கியம்மாள் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று துள்ளினாள். "எட்டும் நாலும் பன்னெண்டு! எங்கப்பா ரெண்டு படி கூடக் குடுத்துருக்காரு சார்!"

அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. போகும்போது பார்வையாளர் குறிப்பேட்டில் இரண்டே வரி எழுதினார்: 'மாணவியின் கணக்குத் திறன் மிக நன்று. ஆசிரியைக்கு அளவைகளில் பயிற்சி தேவை.' தலைமையாசிரியர் அதை எனக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டினார்.

மாதிரி வகுப்பு வரவே இல்லை. "என்னாச்சு, என்னாச்சு?" என்று குடும்பக் குழுவில் குடைந்தெடுத்தார்கள். உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. முதல் தோசை லாபம். நாலு தோசை தின்றபின் என் கணவர், "பத்து சுட்டேல்லா? இன்னும் எட்டு இருக்கணுமே!" என்று அடுக்களையை எட்டிப்பார்க்கிறார். நானும் இப்போது யாருக்கும் தலை தட்டி அளப்பதில்லை. அந்த விஷயத்தில் மட்டும் பயிற்சி முடிந்துவிட்டது.

போன வாரம்கூட சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில், கூட்டத்துக்கு அந்தப்பக்கமிருந்து வேலுச்சாமி அண்ணாச்சி, "டீச்சர், பத்துல நாலு போனா?" என்று சத்தம் போட்டார்.

"எட்டு அண்ணாச்சி!" என்று நானும் கூவினேன்.

பக்கத்தில் நின்ற கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார். "நீங்க எந்த ஸ்கூல்ல டீச்சரா இருக்கீங்க? சொல்லிருங்க, எம் பிள்ளைய அங்கன சேக்காம இருக்கணும்லா!"