கம்பியூட்டருக்குப் பெரட்டு

"இந்த வீட்டில் இனி ஒரு சோம்பேறிக்கும் பேர் கிடையாது!" என்று கணக்கப்பிள்ளை குமாரவேல் சபதம் செய்தார்.

கேட்க வீட்டில் ஆள் இல்லை. மேசைமேல் இருந்த கம்பியூட்டர் மட்டும் கேட்டது. அதுவும் கேட்டிருக்குமா என்பது சந்தேகம். போட்டு அரை மணி ஆகியும் அது இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற இறப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டு எடுப்பவர் குமாரவேல். ஆட்களை வரிசையில் நிறுத்துவார், வேலை பிரிப்பார், அனுப்புவார். வந்து வேலை செய்தால் ஒரு நாளைக்கு ஒரு பேர். ஆறு மணிக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பேர் வெட்டுவதில் பேர் போனவர்.

பிந்தி வருகிறவர்கள் யார்? கைக்குழந்தைக்காரிகள். ஏன் பிந்துகிறார்கள்? பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பரா திறப்பது ஆறு மணிக்கு. பெரட்டும் ஆறு மணிக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மலை. இறக்கை முளைத்தால்தான் முழுப்பேர். இதில் என்ன நியாயம் என்று யாராவது கேட்கவேண்டுமே! கேட்டாள் ஒருத்தி. பிள்ளைக்காம்பராவை நடத்துகிற மதுஷா. குமாரவேலின் சொந்தப் பெண்சாதி.

"ஏங்க, வெள்ளையம்மாவுக்கு இன்னைக்கும் அரைப்பேரா?"

"பிந்தினா அரைப்பேர்தான். நீ காம்பராவை நேரத்தோட திற."

"சாவி உங்க ஆபீஸ்ல தொங்குது. ஆபீஸ் திறக்கிறதே ஆறுக்கு."

"சட்டம்னா சட்டம்."

"அந்தச் சட்டத்தைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ஒருநாள் மலை ஏறிப் பாருங்க. பால் கேட்டு அழும்."

அத்தோடு ஒரு வாரம் பேச்சு நின்றது. சாப்பாடு நிற்கவில்லை. உப்பு மட்டும் நின்றது.

நேற்றுத்தான் மதுஷா வாயைத் திறந்தாள். "நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்கு டிப்ளோமா கடைசிப் பரீட்சை. கம்பியூட்டர்ல முகம் காட்டிப் பதில் சொல்லணும். இது ஆமை மாதிரி ஊருது. றிஸாத் தம்பியைக் கூப்பிடுவோமா?"

றிஸாத் பசாரில் கம்பியூட்டர் திருத்துகிறவன். குமாரவேலுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஒரு தோட்டத்தையே மேய்க்கிறவன் நான். ஒரு பெட்டியை மேய்க்க முடியாதா?"

"முடியுமா?"

அந்தக் கேள்விக்குறிதான் அவரைக் கெடுத்தது.

இன்று விடியற்காலை மழை. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. மழை விட்டதும் ஆட்களைப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தார். பரீட்சையைத் தவறவிட்டால் இனி அடுத்த வருடம்தான் என்பது அவருக்குத் தெரியும். அவள் வரும்போது கம்பியூட்டர் குதிரையாகப் பாயவேண்டும். அவள் வாயடைத்து நிற்கவேண்டும். உப்பு திரும்பி வரவேண்டும்.

போனில் ஒரு வீடியோ பார்த்தார். கம்பியூட்டர் விழிக்கும்போதே தாங்களும் கூட விழித்து ஓடுகிற புரோகிராம்கள்தான் அதை இழுத்துப் பிடிக்கின்றனவாம். தேவையில்லாததை நிறுத்தச் சொன்னது. பட்டியலைத் திறந்தார். சிரித்தே விட்டார். இது பெரட்டு அல்லவா!

"நீ யாருடா? அச்சடிக்கிறவனா? காலையில உனக்கென்ன வேலை? போ. நீ? பாட்டுப் போடுறவனா? பெரட்டுல பாட்டு எதுக்கு? போ."

ஒவ்வொருவனாக விரட்டினார். அத்தோடு நின்றிருக்கலாம். பக்கத்தில் இன்னொரு வரிசை தெரிந்தது. சேவைகளாம். பேர் தெரியாத நூற்றுக்கணக்கான ஆட்கள். என்ன வேலை என்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அவர் பழக்கம் அது. எல்லாவற்றையும் நிறுத்த ஒரே பொத்தான் இருந்தது.

அமுக்கினார். பெரட்டு, விரட்டு ஆயிற்று.

கம்பியூட்டர் அணைந்து எரிந்தது. கண் மூடித் திறக்கும் முன்னே வந்து நின்றது! குமாரவேல் தொடையில் தட்டினார். பிறகு வழக்கமான நாலு இலக்கத்தை அடித்தார்.

அந்த இலக்கம் இப்போது செல்லாது என்றது கம்பியூட்டர். மறுபடி அடித்தார். செல்லாது. அணைத்துப் போட்டார். செல்லாது. வேகமாகத்தான் சொன்னது.

றிஸாத்துக்குப் போன் போட்டார்.

"சேவைகளையுமா நிப்பாட்டினீங்க? எல்லாத்தையுமா அண்ணே?"

"வேலை செய்யாதவனைத்தான் தம்பி..."

"அனே! அந்த நாலு இலக்கத்தைப் பாத்துக் கதவு திறக்கிறவனும் அதுலதான் இருந்தான். வாசல்காரனையே வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே!"

"இப்ப என்ன செய்ய?"

"லேசு. இலக்கம் வேணாம், பாஸ்வேர்ட் அடிச்சு உள்ள போங்க. நிப்பாட்டின அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. அணைச்சுப் போட்டா சரி. பாஸ்வேர்ட் தெரியும்தானே?"

"அது... மதுஷாதான் போட்டா."

"சரி. அப்ப அக்காகிட்ட கேளுங்க."

"அதைத் தவிர வேற வழி?"

"வேற வழின்னா, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடலாம். இன்னைக்கு முடியாது. நான் கேகாலையில நிக்கிறேன்."

குமாரவேல் யோசித்தார். பெண்சாதி மனதில் இருக்கும் சொல் புருஷன் பேராகத்தானே இருக்கும்? தம் பேரை அடித்தார். தவறு. தம் பிறந்த நாள். தவறு. கல்யாண நாள் நினைவு வரவில்லை. ஆல்பத்தைத் தேடி எடுத்து அடித்தார். அதுவும் தவறு. தன் வீட்டுக்குள்ளேயே தனக்குப் பேர் இல்லை என்று அந்த மனிதர் உடைந்து உட்கார்ந்தார். வேர்த்தது. வெளியே மறுபடி தூறியது. இன்று பரீட்சை போனால், தாம் செத்த பிறகும் திதி கொடுக்கும்போது "பரீட்சை அன்னைக்கு இவர் என்ன செஞ்சார் தெரியுமா?" என்று தொடங்குவாள். மத்தியானம் ஆகிவிட்டது. இனி மானத்தைப் பார்த்தால் முடியாது. மதுஷாவுக்குப் போன் போட்டார்.

"மதுஷா... சும்மாதான் எடுத்தேன். உனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு எது?"

"என்னத்தை உடைச்சீங்க?"

"உடைக்கல. கம்பியூட்டர் பாஸ்வேர்ட் கேக்குது."

"அது கேக்காதே. நாலு இலக்கம்தானே கேக்கும்?"

"இன்னைக்கு மனசு மாறிடுச்சு."

"யாரு மாத்தினது?"

"நான்தான்" என்று கடைசியில் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் குழந்தைகள் அழுவதும் யாரோ தாலாட்டுவதும் கேட்டன. அது மத்தியானம் தாய்மார் பால் கொடுக்க வரும் நேரம்.

"சரி. இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கணும். நான் சொல்றேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க. தப்பா அடிச்சா பூட்டிக்கும்."

"சொல்லு, சொல்லு."

"அரைப்பேர் போடமாட்டேன்."

"என்ன?"

"அதுதான் பாஸ்வேர்ட். வெள்ளையம்மாவுக்கு வெட்டினீங்களே, அன்னைக்கு மாத்தினேன். திருப்பிச் சொல்லுங்க."

குமாரவேல் வாய்க்குள்ளேயே முனகினார். "அரைப்பேர் போடமாட்டேன்."

"கேக்கல. மழை சத்தம்."

"அரைப்பேர் போடமாட்டேன்."

"லைன் சரியில்லைங்க. கொஞ்சம் உரக்க."

"அரைப்பேர் போடமாட்டேன்! அரைப்பேர் போடவே மாட்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

"'போடவே' இல்லைங்க. 'போட' மட்டும்தான்."

மறுமுனையில் ஒரே சிரிப்பு. இருபது முப்பது பெண்களின் சிரிப்பு. அதற்கு மேலே வெள்ளையம்மாவின் குரல்: "இப்ப கேட்டுச்சுங்க ஐயா!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது.

எழுத்து எழுத்தாக அடித்தார். கதவு திறந்தது. தாம் விரட்டியவர்களை ஒருவன் விடாமல், பேர் கேட்காமல், வேலை கேட்காமல் திரும்பக் கூப்பிட்டார். கம்பியூட்டர் பழையபடி ஆமையாக எழுந்து வந்தது. அந்த ஆமையைக் கும்பிட்டார். மதுஷா வந்தாள், இரண்டு மணிக்கு முகம் காட்டினாள், பதில் சொன்னாள். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இருந்தது. அவருக்குத்தான் ருசிக்கவில்லை.

மறுநாள் பெரட்டு. ஆறு அடித்து வெகுநேரம் கழித்து வெள்ளையம்மா மூச்சு வாங்க வந்து நின்றாள். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். குமாரவேல் பேனாவைத் தூக்கினார். தொண்டையைச் செருமினார். சட்டம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"ஐயா," என்றாள் வெள்ளையம்மா பணிவாக, "உள்ள வர பாஸ்வேர்ட் சொல்லணுங்களா?"

வரிசை முழுவதும் ஒரே குரலில் சொன்னது. மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

முழுப்பேர் போட்டார். அத்தனை பேருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அந்தப் பாஸ்வேர்டை இன்றே மாற்றிவிடவேண்டும். மாற்றுவதானால் முதலில் பழைய பாஸ்வேர்டை அடி என்றது அது.

குசினிக்குள்ளிருந்து மதுஷா குரல் கொடுத்தாள்: "சத்தமா சொல்லிக்கிட்டே அடிங்க. இல்லன்னா எழுத்து விட்டுப்போகும்."